பழைய ரோட்ஸ்டரைத் தாழ்த்துவது: ஸ்பிரிங் மட்டும் மாற்றினால் போதுமா?

6 ஆகஸ்ட் 2023, மலேசியாவில் பீடோரிலிருந்து ஒரு வாசகர் கேட்டது

என்னிடம் 1992 யூனோஸ் ரோட்ஸ்டர் (மாஸ்டாவின் இரண்டு இருக்கைக் கார்) இருக்கிறது, 1.6 லிட்டர் இன்ஜின். மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே என் கை முழுவதும் நுழைகிறது, பார்க்கச் சகிக்கவில்லை. 30 மி.மீ. தாழ்த்தும் ஸ்பிரிங் ஒரு செட் கைக்கு வந்திருக்கிறது. அப்சோர்பர்கள், அதாவது ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்கும் எண்ணெய்க் குழாய்கள், ஒழுகவில்லை. ஸ்பிரிங்கை மட்டும் மாற்றினால் போதும், ஒரு மதிய நேரத்து வேலை என்கிறார்கள் நண்பர்கள். சரிதானே அண்ணா?

6 ஆகஸ்ட் 2023, இரவு

போதும் தம்பி. அப்சோர்பர் ஒழுகாத வரைக்கும் அதைத் தொட வேண்டியதில்லை. நானும் அதே போன்ற ஸ்பிரிங் ஒரு செட் வாங்கிப் போர்ச்சில் வைத்து ஒரு மாதமாகிறது. பெட்டிக்குள் பூனை குட்டி போட்ட பிறகுதான் திறப்பீர்களா என்று மனைவி தினமும் கேட்கிறாள். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனை ஆலையில் 26 ஆண்டுகளாக ஃபிட்டராக இருக்கிறேன். நான்கு ஸ்பிரிங் மாற்ற ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு மேல் ஆனால் என் கைகளுக்கே அவமானம். என் வண்டி 1991; அதே 1.6, அதே மேலெழும் விளக்குகள்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: இருக்கும் ஸ்பிரிங்கை வெட்டாதீர்கள். என் சித்தப்பா தம்முடைய டட்சன் 120ஒய்-யின் முன் ஸ்பிரிங்கைத் தோட்டத்துப் பட்டறையில் கேஸ் வைத்து அறுத்தார். ஆறு சுற்று வேலை செய்யும் ஸ்பிரிங்கில் ஒரு சுற்று போனால் மிச்சம் 20 சதவிகிதம் கெட்டியாகிவிடும். கணக்கு அவ்வளவு எளிது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். நெருப்புப் பட்ட இடத்தில் எஃகின் பதம் போய்விடுகிறது. சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது குட்டையான ஸ்பிரிங் இருக்கையை விட்டு நழுவுகிறது. சித்தப்பாவுக்கு அது லிந்தாங் சாலையில் நழுவியது. வண்டி வாய்க்காலோரம் நின்றது. அன்று தோட்டம் முழுவதும் வேடிக்கை பார்த்தது.

7 ஆகஸ்ட் 2023

அளக்காமல் தொடங்கிவிடாதீர்கள் என்று நேற்றே சொல்லியிருக்க வேண்டும். தரையிலிருந்து மட்கார்டு வரை அளப்பவர்கள் உண்டு. டயரில் காற்று குறைந்தால் அந்த அளவும் மாறிவிடும். சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து நேர் மேலே மட்கார்டு விளிம்பு வரை அளக்க வேண்டும். ஆள் இல்லாமல், அரை டேங்க் பெட்ரோலுடன் என் வண்டி: முன் இடது 357, முன் வலது 352, பின் இடது 366, பின் வலது 361. 32 ஆண்டுகளாக வலது பக்கமே ஓட்டுநர் உட்கார்ந்த வண்டி. பேட்டரியும் பின்பெட்டியில் வலது பக்கத்தில்தான் இருக்கிறது. அந்த 5 மி.மீ. சாய்வுக்கு வேறு விளக்கம் எனக்குத் தோன்றவில்லை.

13 ஆகஸ்ட் 2023

காலை ஏழு மணிக்கு ஆரம்பித்தேன். மாலை ஏழு மணிக்கு நான்கு சக்கரங்களையும் கழற்றி முடித்திருந்தேன். அவ்வளவுதான் முடிந்தது.

பின்புறம் கீழ் ஆர்மையும் (சக்கரத்தை வண்டியோடு இணைத்து ஏறி இறங்கவிடும் இரும்புக் கை) சக்கரம் பொருந்தும் வார்ப்பையும் கோத்து ஒரு நீண்ட போல்ட் போகிறது. அதை உருவினால்தான் அப்சோர்பர் இறங்க வழி கிடைக்கும். நட் சமர்த்தாகக் கழன்றது. போல்ட் திரும்பவும் செய்தது. திரும்பத் திரும்ப எனக்கு மகிழ்ச்சி. பிறகுதான் பார்த்தேன்: போல்ட்டோடு புஷ்ஷின், அதாவது ஆர்மின் மூட்டில் இருக்கும் ரப்பர் உருளையின், உள்குழாயும் சேர்ந்து திரும்புகிறது. இரண்டும் துருப்பிடித்து ஒன்றாகியிருக்கின்றன. சுற்றியிருக்கும் ரப்பர்தான் முறுக்கிக்கொண்டு எனக்கு வேடிக்கை காட்டியிருக்கிறது.

14 ஆகஸ்ட் 2023

இன்னும் வரவில்லை. செம்பனை எண்ணெயைத் தவிர எல்லா எண்ணெயும் ஊற்றிவிட்டேன். பக்கத்து வீட்டு பாக் சிக் (மலாய் மாமா) வந்து பார்த்தார்; ஒன்றும் சொல்லாமல் தே தாரிக் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார்.

20 ஆகஸ்ட் 2023

வந்துவிட்டது. ஒரு வாரம் தினமும் இரவு துரு நீக்கும் எண்ணெய், இன்று காலை சூடு, பிறகு நட்டைப் பாதி மாட்டி அதன் மேல் செம்புச் சுத்தியலால் அடி. நட் இல்லாமல் அடித்தால் போல்ட்டின் மரை நசுங்கிவிடும். பழைய போல்ட்டைத் திரும்பப் போடவில்லை. புதியது வாங்கி, உள்ளே கிரீஸ் தடவிப் போட்டேன். அடுத்த முறை இதைக் கழற்றப் போகும் பாவி நானாகவும் இருக்கலாம் அல்லவா.

இனி சொல்லப்போவது வெட்கக்கேடு. பின் ஸ்பிரிங் இரண்டும் எளிதாக வந்தன. முன் இடதுக்கு ஸ்பிரிங் கம்ப்ரஸரின் இரண்டு கொக்கிகளையும் எதிரெதிராக மாட்டி, மாறி மாறித் திருகி அமுக்கிக்கொண்டிருந்தேன். பாதியில் தொலைபேசி வந்தது. பேசிக்கொண்டே ஒரு பக்கத்தை மட்டும் நான்கைந்து சுற்று கூடுதலாகத் திருகிவிட்டேன். ஸ்பிரிங் வாழைக்காய் போல ஒரு பக்கம் வளைந்தது. கொக்கி ஒரு சுற்றிலிருந்து அடுத்த சுற்றுக்கு வழுக்கியபோது எழுந்த ஓசையை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. மணி அடித்தது போலவும் இருந்தது, அறை விழுந்தது போலவும் இருந்தது. மேல் நட்டை நான் அதுவரை தொடவில்லை, அதுதான் காப்பாற்றியது. தொட்டிருந்தால் அப்சோர்பரை வண்டியோடு பிணைக்கும் மேல் மவுண்டிங் என் தாடையைத் தேடி வந்திருக்கும். கம்ப்ரஸரின் கொக்கி ஒன்று மட்டும் பறந்துபோய்ப் போர்ச்சின் தகரக் கூரையில் ஒரு பள்ளத்தை உண்டாக்கிவிட்டது. ஆலையில் புதிதாகச் சேரும் பையன்களுக்குப் பாதுகாப்பு வகுப்பு எடுப்பவன் நான்.

மனைவி வெளியே வந்து கூரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், உள்ளே போய்விட்டாள். அடுத்த நாள்களில் அந்தப் பேச்சு வரத்தான் போகிறது.

27 ஆகஸ்ட் 2023

முன்புறமும் முடிந்தது. மேல் ஆர்மின் நீண்ட போல்ட்டை உருவி, ஆர்மை ஓரமாகத் தள்ளி, அப்சோர்பரை ஸ்பிரிங்கோடு வெளியே எடுத்தேன். புதிய ஸ்பிரிங் குட்டையாக இருப்பதால் அதை அமுக்கக் கம்ப்ரஸர் அவ்வளவாகத் தேவைப்படவில்லை. எல்லாவற்றையும் இறுக்கி, சக்கரம் மாட்டி, இறக்கி, தெருவை இரண்டு சுற்று சுற்றிவிட்டு அளந்தேன்.

முன் இடது 339, முன் வலது 335, பின் இடது 345, பின் வலது 341. இறங்கியது 17-லிருந்து 21 மி.மீ. தான். பெட்டியில் 30 என்று அச்சடித்திருக்கிறது. ஏமாற்று வேலை. விற்றவருக்கு நான் அனுப்பிய செய்தியை இங்கே எழுத முடியாது. பீடோர் தம்பி, உங்கள் கைக்கு வந்திருக்கும் செட்டும் இதே என்றால் பணத்தைத் திரும்பக் கேளுங்கள்.

31 ஆகஸ்ட் 2023

மேலே 27-ஆம் தேதி எழுதியதை அப்படியே விட்டுவைக்கிறேன். அழித்தால் என் அறிவீனத்துக்குச் சாட்சி இல்லாமல் போய்விடும்.

ஸ்பிரிங் மேல் குற்றமில்லை. விற்றவர் மேலும் இல்லை. மன்னிப்புக் கேட்டுச் செய்தி அனுப்பிவிட்டேன், அவர் கட்டைவிரல் படம் ஒன்றை மட்டும் அனுப்பினார். குற்றம் நான் போல்ட்டுகளை இறுக்கிய நேரத்தில் இருந்தது. இந்த வண்டியின் ஆர்ம் புஷ்களில் ரப்பர் உள்குழாயோடும் வெளிக்குழாயோடும் ஒட்டியிருக்கிறது. ஆர்ம் ஏறி இறங்கும்போது எதுவும் வழுக்குவதில்லை, ரப்பர்தான் முறுக்கிக்கொள்கிறது. முதல் நாள் துருப்பிடித்த போல்ட்டோடு சேர்ந்து முறுக்கிக்கொண்டு எனக்கு வேடிக்கை காட்டியது இதே ரப்பர்தான். பார்த்தும் பாடம் படிக்கவில்லை. சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது போல்ட்டை இறுக்கிவிட்டால், தொங்கும் நிலையே அந்த ரப்பருக்கு இயல்பு நிலை ஆகிவிடுகிறது. வண்டியை இறக்கியதும் எட்டு இடத்தில் ரப்பர் ‘மேலே போகமாட்டேன்’ என்று முரண்டு பிடிக்கிறது. வண்டி உயரமாக நிற்கும். அது மட்டுமில்லை, எந்நேரமும் முறுக்கிலேயே இருக்கும் ரப்பர் சீக்கிரம் கிழிந்தும் போகும்.

இன்று தேசிய தின விடுமுறை. ஆலையிலிருந்து பழைய ரயில் கட்டைகளைக் கொண்டுவந்து, நான்கு சக்கரங்களையும் அவற்றின் மேல் ஏற்றி நிறுத்தி, மல்லாந்து படுத்து உள்ளே போனேன். வண்டியின் எடை முழுவதும் சக்கரங்களின் மேல். முன் இடது மேல் ஆர்மின் போல்ட்டைக் கால் சுற்றுத் தளர்த்தினேன். ‘கிர்ர்ர்’ என்று நீளமாக ஒரு முனகல். என் மூக்குக்கு மேலே இருந்த அடித்தகடு ஒரு விரல்கடை இறங்கி வந்தது. ஒவ்வொரு மூலையிலும் அதே முனகல். எல்லாவற்றையும் தளர்த்தி, வெளியே வந்து வண்டியை நான்கு முறை அமுக்கி ஆட்டி, மறுபடி உள்ளே போய் இறுக்கினேன்.

இப்போது 328, 324, 337, 332. கழித்துப் பாருங்கள்: 29, 28, 29, 29. பெட்டியில் அச்சடித்தது உண்மை.

2 செப்டம்பர் 2023

அழகாக இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனி வரப்போவது எல்லாம் புலம்பல். செம்பனை மரங்களுக்கு நடுவே அந்திவெயிலில் நிறுத்திவிட்டு இருபது தப்படி தள்ளிப் போய்த் திரும்பிப் பார்த்தேன். மூன்று முறை பார்த்தேன்.

பிறகு வீட்டுக்குத் திரும்பினேன். தோட்டத்துச் சாலையைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: குலை ஏற்றிய லாரிகள் இரண்டு தடமாக அழுத்தி, நடுவே செம்மண் முதுகுபோல எழுந்திருக்கும் சாலை. அந்த முதுகு புகைக்குழாயைத் தடவிக்கொண்டே வந்தது. தார்ச்சாலைக்கு ஏறியதும் அப்பாடா என்றிருந்தது. தமிழ்ப்பள்ளி முன்னால் வேகத்தடை. 20 கிலோமீட்டர் வேகம்கூட இருக்காது. முன்புறம் ஒரு குத்து. பின்புறம் ‘டொக்’ என்று முதுகெலும்பில் ஒரு அடி. வேலிக்குப் பின்னால் பந்து விளையாடிக்கொண்டிருந்த பையன் ஒருவன் திரும்பிப் பார்த்தான்.

6-ஆம் தேதி இரவு ‘போதும்’ என்று எழுதியது யார் என்று இப்போது யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

5 செப்டம்பர் 2023

ஆலையில் லாரி எடைபோடும் மேடையின் கிராணியிடம் கெஞ்சி, இரவு கடைசி லாரி போன பிறகு என் வண்டியை ஏற்றினேன். முதலில் முன் சக்கரங்கள் மட்டும், பிறகு முழு வண்டி. முன்புறம் 510 கிலோ, மொத்தம் 980. மேடை பத்துப் பத்துக் கிலோவாகத்தான் காட்டும் என்பதால் இதற்கு மேல் நுணுக்கம் கேட்காதீர்கள். சீட்டை அச்சடித்துக் கொடுத்தார்: ‘பொருள்: செம்பனைக் குலை. பழுக்காதவை: 0.’ அதை வண்டியின் ஆவணங்களோடு வைத்திருக்கிறேன்.

10 செப்டம்பர் 2023

இதுதான் நான் முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை. நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு கேள்விகள். புதிய ஸ்பிரிங் பழையதைவிட எவ்வளவு கெட்டி? தாழ்ந்த பிறகு அப்சோர்பரில் மிச்சமிருக்கும் இடம் எவ்வளவு?

முதல் கேள்விக்கு முன் ஸ்பிரிங் ஒன்றை மறுபடியும் கழற்றினேன். கை பழகிவிட்டது, ஒரு மணி நேரம்தான். ஆலைப் பட்டறையில் ஹைட்ராலிக் பிரஸ் இருக்கிறது. அதன் கீழே வீட்டுக் குளியலறையில் எடை பார்க்கும் தராசு, அதன் மேல் இரும்புத் தகடு, தகட்டின் மேல் ஸ்பிரிங். மெல்ல அமுக்கி, தராசு 50 கிலோ காட்டும்போது ஒரு கோடு, 100 காட்டும்போது ஒரு கோடு. பழைய ஸ்பிரிங் அந்த 50 கிலோவுக்கு 18 மி.மீ. அமுங்கியது. புதியது 14. ஆக, புதியது ஏறக்குறைய 29 சதவிகிதம் கெட்டி. தராசைச் சேதமில்லாமல் வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்துவிட்டேன். ஒரு கிலோ கூடுதலாகக் காட்டுகிறது என்று வீட்டில் ஒரு குற்றச்சாட்டு எழுந்திருக்கிறது.

இரண்டாவது கேள்விக்கு ஒரு கேபிள் டை போதும். அப்சோர்பர் தண்டின் மேல், உடலை ஒட்டினாற்போலக் கேபிள் டையை இறுக்கிக் கட்டிவிடுங்கள். தண்டு உள்ளே போகும்போது டை மேலே தள்ளப்படும். எவ்வளவு தூரம் போனதோ அங்கேயே நின்று சாட்சி சொல்லும். மேலே இருப்பது முட்டு ரப்பர். கடையில் பம்ப் ஸ்டாப் என்று கேளுங்கள். அப்சோர்பரின் உடல் போய் அதில்தான் முட்டும்.

என் வண்டி வெறுமனே நிற்கும்போது, உடலுக்கும் முட்டு ரப்பருக்கும் நடுவே இருந்த இடம்: முன்புறம் 9 மி.மீ., பின்புறம் 6. நான் உட்கார்ந்தால் அதுவும் குறையும். மனைவியும் உட்கார்ந்தால் பின்புறம் ரப்பரின் மேலேயே வண்டி நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இதை அவளிடம் சொல்லவில்லை.

சக்கரம் ஏறும் தூரம் அப்படியே தண்டில் தெரியாது. ஆர்மின் நடுவில் அப்சோர்பர் நிற்பதால், என் அளவில் மூன்றில் இரண்டு பங்குதான் தெரிகிறது. சக்கரத்தில் 29 மி.மீ. தாழ்ந்தது தண்டில் கிட்டத்தட்ட 20. ஆகப் பழைய ஸ்பிரிங்கில் பின்புறம் 26 மி.மீ. இடம் இருந்திருக்கிறது. 26 இருந்த இடத்தில் இப்போது 6.

இங்கேதான் நண்பர்களின் ‘ஸ்பிரிங் கெட்டியாக இருப்பதால் அடிக்காது’ என்ற பேச்சு விழுந்துபோகிறது. ஸ்பிரிங் தாங்கும் குலுக்கலின் ஆற்றல், கெட்டித்தன்மையையும் அமுங்கும் தூரத்தின் வர்க்கத்தையும் பெருக்கியதில் பாதி. தூரம் பாதியானால் அதே குலுக்கலைத் தாங்க நான்கு மடங்கு கெட்டியான ஸ்பிரிங் வேண்டும். கால் பங்கானால் 16 மடங்கு. எனக்குக் கால் பங்குகூட மிஞ்சவில்லை. கிடைத்த கெட்டித்தன்மையோ 29 சதவிகிதம். மிச்சத்தை யார் தாங்குவது? முட்டு ரப்பரும் என் முதுகும்தான்.

வேகத்தடையில் ஒரு முறை ஏறி இறங்கிவிட்டு டையைப் பார்த்தேன். ரப்பருக்குள் புதைந்து, பல் பதிந்தது போல ஒரு தடம்.

11 செப்டம்பர் 2023

குளுவாங்கிலிருந்து ஒருவர்: ‘முட்டு ரப்பரையே கழற்றி எறிந்துவிடுங்கள், இடம் கிடைக்கும்.’ கிடைக்கும் ஐயா. ரப்பர் இருந்த இடத்தில் இரும்பும் இரும்பும் சந்திக்கும். அப்சோர்பரின் உள்ளே இருக்கும் வால்வு முதலில் சாகும், பிறகு மேல் மவுண்டிங். முட்டு ரப்பரும் ஒரு ஸ்பிரிங்தான். கடைசி நேரத்தில் வரும் ஸ்பிரிங். அதைக் குட்டையாக்கலாம், இல்லாமல் செய்யக் கூடாது.

புரோட்டான் சத்ரியா ஜிடிஐ வைத்திருப்பவர், தன் காருக்கும் இதே கதைதானா என்று கேட்டதற்கு: உங்கள் முன்புறம் மேக்ஃபர்சன் ஸ்ட்ரட் (மேல் ஆர்ம் இல்லாமல் அப்சோர்பரே சக்கரத்தைப் பிடித்திருக்கும் அமைப்பு), கதை வேறு. அதில் அதிகம் தாழ்த்தினால் கீழ் ஆர்ம் கிடையைத் தாண்டி வெளிப்பக்கம் மேல்நோக்கிச் சாய்ந்துவிடும். வளைவில் உடலைச் சாய்க்கும் நெம்பு நீண்டுபோகும். தாழ்த்திய பிறகு முன்னைவிட அதிகம் சாய்கிறதே என்று பலர் குழம்புவது இதனால்தான். ரோட்ஸ்டரில் நான்கு மூலையிலும் இரட்டை விஷ்போன், மேலும் கீழும் ஒவ்வொரு ஆர்ம். தாழ்த்தினால் சக்கரத்தின் தலை உள்ளே சாய்கிறது, அவ்வளவு மோசமில்லை.

24 செப்டம்பர் 2023

அலைன்மென்ட். ஊரில் டயர் கடைக்காரர் முன்புறம் டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) மட்டும்தான் பார்ப்பேன் என்றார்; பின்புறத்தை ஏறிட்டும் பார்க்கவில்லை. ஈப்போவுக்குப் போனேன். இந்த வண்டியின் கீழ் ஆர்ம்களில் மையம் விலகிய தட்டு வைத்த போல்ட்டுகள் இருக்கின்றன. அவற்றைத் திருகினால் நான்கு சக்கரத்திலும் கேம்பரையும் (சக்கரத்தின் தலை உள்ளேயோ வெளியேயோ சாயும் அளவு), பின்புறத்தில் டோவையும் சரிசெய்யலாம்; முன்புற டோவுக்கு ஸ்டீயரிங் தண்டுகள். திரும்பினால்தானே! நல்லவேளை, ஆகஸ்ட் மாதமே அவற்றுக்கும் எண்ணெய் குடிக்கக் கொடுத்திருந்தேன். பட்டறைத் தவுக்கே (முதலாளி) வண்டியைச் சுற்றி வந்து, ‘இவ்வளவு தாழ்வாக வைத்துக்கொண்டு எங்கே ஓட்டுகிறாய்?’ என்றார். தோட்டத்தில் என்றேன். நான் கிண்டல் செய்கிறேன் என்று நினைத்துவிட்டார்.

முன்புறம் கேம்பர் மைனஸ் 1, பின்புறம் மைனஸ் 1.5, டோ நான்கிலும் கொஞ்சமே உள்ளே. டயரின் உள்விளிம்பு தேய்ந்தால் எல்லாரும் கேம்பரைத் திட்டுகிறார்கள். பெரும்பாலும் தின்பது தவறான டோதான்.

கையோடு இன்னொன்று: கழற்றிய பழைய ஸ்பிரிங்குகளை எறிந்துவிடாதீர்கள். வண்டியை விற்கும்போது உரிமை மாற்றத்துக்குப் பி5 பரிசோதனை இருக்கிறது. அன்றைக்கு அவை தேவைப்படலாம். நான் கிரீஸ் தடவி, பழைய உரச் சாக்கில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறேன். கட்டிலுக்கு அடியில் வேண்டாம் என்று உத்தரவு வந்த பிறகு சாமான் அறையில்.

15 அக்டோபர் 2023

மழை பிடித்துவிட்டது. மாலை நான்கு மணிக்கு வானம் கறுத்தால் நான் ஆலையிலேயே வண்டியை விட்டுவிட்டு மோட்டார் சைக்கிள் இரவல் வாங்கிக்கொண்டு போகிறேன். தாழ்ந்த வண்டிக்கு ஒரு சாண் தண்ணீரும் ஆறுதான்.

நேற்று டயர் பஞ்சர். ஸ்பிரிங்குக்கும் அதற்கும் தொடர்பில்லை. செம்பனை மட்டையின் முள்; அடிமட்டையில் இருக்குமே, ரம்பப் பல் போல, அது. ரப்பர் மரங்கள் இருந்த காலத்தில் இந்தச் சாலையில் விதைகள்தான் வெடித்துக் கிடக்கும். அப்பாவின் சைக்கிளில் முன்கம்பியில் உட்கார்ந்து போகும்போது சக்கரத்துக்கு அடியில் அவை நொறுங்கும் ஓசையைக் கேட்டுக்கொண்டே போவேன். அந்த சைக்கிளில் ஸ்பிரிங் என்று இருந்தது இருக்கைக்கு அடியில் இரண்டு. அவற்றையும் அப்பா ஒருமுறை மாற்றியிருக்கிறார். எங்கள் குடும்ப வியாதி போலிருக்கிறது.

12 நவம்பர் 2023

எல்லாருக்கும் தீபாவளி வாழ்த்துகள். இரண்டு இருக்கை வண்டியில் மாமியார் வீட்டுக்குப் போனோம். முறுக்கு டின்கள் பின்பெட்டியில். வேகத்தடைகளுக்குப் பிறகு அதைத் திறந்து பார்த்தால், முறுக்கை ஸ்பூனால் சாப்பிட வேண்டிய நிலை. மாமியார் ஒன்றும் சொல்லவில்லை. மனைவி ஆகஸ்ட் மாதத்துக் கூரைப் பள்ளத்திலிருந்து ஆரம்பித்தாள்.

19 நவம்பர் 2023

முடிவு எடுத்துவிட்டேன். மூன்று வேலைகள் ஒரே நேரத்தில்.

பழைய அப்சோர்பர்களுக்கு விடை. ஒழுகவில்லை என்பது உண்மைதான், ஆனால் ஒழுகாததெல்லாம் உயிரோடு இருப்பதாக அர்த்தமில்லை. கழற்றியதும் தண்டைக் கையால் அமுக்கிவிட்டேன். ஒன்று மெல்லத் திரும்பி வந்தது, இன்னொன்று நடுவழியில் நின்றுவிட்டது. ஸ்பிரிங் 29 சதவிகிதம் கெட்டியானால் அதன் துள்ளலை அடக்கும் திறனும் 13 சதவிகிதமாவது கூட வேண்டும், வர்க்கமூலக் கணக்கு. 32 வயதுக் கிழவர்களிடம் அதைக் கேட்பது பாவம். கயாபா நிறுவனத்தின் புதிய அப்சோர்பர் நான்கு வாங்கினேன்.

மேல் மவுண்டிங்கை இதே வண்டியின் அடுத்த தலைமுறையிலிருந்து எடுத்தேன், 1998-இல் வந்ததே அது. அப்படியே பொருந்துகிறது, தண்டுக்குக் கூடுதல் இடமும் தருகிறது. ஈப்போவில், பழைய கார்களை வெட்டிப் பாகம் விற்கும் ஹாஃப்கட் கடை ஒன்றில் நான்கும் கிடைத்தன. கூடவே குட்டை முட்டு ரப்பர்.

மூன்றாவதுதான் என் கைவேலை. ஆலை லேத்தில் அலுமினிய வளையம் நான்கு கடைந்து, ஒவ்வொன்றும் 10 மி.மீ. தடிப்பு, ஸ்பிரிங்கின் கீழ் இருக்கையில் வைத்தேன். தண்டில் 10 என்றால் சக்கரத்தில் ஏறக்குறைய 15. ஆக, 30 மி.மீ. தாழ்த்தும் ஸ்பிரிங்கை வாங்கி, துருவோடு மல்லுக்கட்டி, கூரையை நசுக்கி, கடைசியில் அதைப் பாதி உயர்த்திவிட்டேன். சிரிக்க விரும்புகிறவர்கள் சிரிக்கலாம். வீட்டில் ஏற்கெனவே சிரித்துவிட்டார்கள்.

வண்டியின் எடை சக்கரத்தில் இருக்கும்போதுதான் போல்ட்டுகளை இறுக்கினேன். கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன். உயரம் மாறியதால் ஈப்போத் தவுக்கேயிடம் மறுபடியும் அலைன்மென்ட். இந்த முறை அவரும் சிரித்தார்.

இப்போதைய உயரம், அதே வரிசையில்: 343, 338, 351, 346.

28 ஜனவரி 2024

தைப்பூசத்துக்கு முதல் நாள் இரவு ஈப்போ குனோங் சீரோ கோயிலுக்கு இதே வண்டியில் போனோம். திரும்பும்போது நெடுஞ்சாலையில் ஏறி மெனோரா சுரங்கம் வழியாகக் கோலகங்சார் வரை சுற்றிக்கொண்டு வந்தேன். காரணம் கேட்டால், அந்த இறக்க வளைவுகள். லாரிகள் இடதில் முனகிக்கொண்டிருக்க, வண்டி வளைவில் ஒரே முறை சாய்ந்து அப்படியே நின்றது. முன்பு போல இரண்டாவது யோசனை செய்யவில்லை. மனைவி தூங்கிக்கொண்டு வந்தாள். எனக்கு அதைவிடப் பெரிய சான்றிதழ் தேவையில்லை, ஆனாலும் மறுநாள் கேபிள் டையைப் பார்த்தேன்.

பின்புறம் நிற்கும்போது இருக்கும் இடம் இப்போது 29 மி.மீ. பள்ளி முன்னால் வேகத்தடையில் 20 வேகத்தில் ஏறி இறங்கினால் டை 21-இல் நிற்கிறது. மிச்சம் 8. அந்தப் பையன் திரும்பிப் பார்க்கவில்லை.

மட்கார்டு இடைவெளியா? இரண்டு விரல் நுழைகிறது. ஆகஸ்டில் மூன்று விரல்.

4 பிப்ரவரி 2024

பீடோர் தம்பி, உங்கள் எண்கள் வந்தன. நேற்றே மாட்டி முடித்துவிட்டீர்களா? மேலே எழுதியவற்றை எல்லாம் படித்துவிட்டுத்தான் ஆரம்பித்தீர்கள் என்று நம்புகிறேன். மூன்று மூலைகள் 27, 28, 28 என்று ஒழுங்காக இறங்கியிருக்கின்றன. முன் வலது மட்டும் 19. ஸ்பிரிங் கோளாறு என்று எழுதியிருக்கிறீர்கள். விற்றவருக்குச் செய்தி எதுவும் அனுப்பிவிடாதீர்கள். அந்தப் பக்கம் மேல் ஆர்ம் போல்ட்டை இறுக்கும்போது சக்கரம் எங்கே இருந்தது, தரையிலா அந்தரத்திலா? வண்டியைக் கட்டைகளின் மேல் ஏற்றி அந்த ஒரு போல்ட்டை மட்டும் தளர்த்துங்கள். முனகினால் எனக்கு எழுதுங்கள்.

4 பிப்ரவரி 2024, இரவு

முனகியதா. சரி, இப்போது இறுக்குங்கள்.